கழிக்கிற கோழியை முடிப்பது யார்? ஷெட் ஆளா, தனி ஆளா?

பண்ணைத்திண்ணை (தொடக்கப் பதிவு)

பிரீடரோ (குஞ்சுக்கான முட்டை தரும் தாய்க்கோழி) பிராய்லரோ (கறிக்கோழி) லேயரோ (முட்டைக்கோழி) பன்றியோ, எந்தப் பண்ணையிலும் தேறாத உயிரைக் கழிக்கிற, அதாவது முடித்து வைக்கும் வேலை ஒன்று உண்டு. நம் பக்கம் அது, தீனி போட்டு, தண்ணீர்க் குழாய் பார்த்து, முட்டை பொறுக்குகிற அதே ஷெட் ஆளின் தலையில்தான் விழுகிறது. முறையாகப் பழக்குவதும் கிடையாது. முதல் நாள் ஒருவர் "இப்படிப் பிடி, இப்படி இழு" என்று காட்டுவார், அவ்வளவுதான். அந்த வேலை மட்டும் வேண்டாம் என்று ஒதுங்குகிறவர், ராத்திரி தூக்கமில்லை என்கிறவர், அதைச் செய்த அன்றைக்குக் குடிக்காமல் படுக்க முடியாது என்கிறவர் எல்லாப் பண்ணையிலும் இருக்கிறார்கள்.

கேள்வி இதுதான். இந்த வேலையை ஷெட் ஆளிடமிருந்து எடுத்து, பண்ணைக்கு ஒருவரையோ இருவரையோ பழக்கி அவர்களிடம் விட்டுவிடலாமா? எந்த உயிர், என்ன எடை, எந்த முறை என்று சொல்லிப் பேசுங்கள். "மனசு கஷ்டம்தான்" என்று ஒற்றை வரி போட்டால் யாருக்கும் உபயோகமில்லை.

ஷெட்நம்பர்7

தனி ஆள் வேண்டாமுங்க. பிரீடர் பண்ணையை வச்சுச் சொல்றேன்.

முதல்ல நோய்த்தடுப்பு. ஒரு ஷெட் ஆள் அடுத்த ஷெட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னுதான் குளிக்க வச்சு, உடுப்பு மாத்தி, செருப்பு மாத்தி உள்ள விடறோம். கழிக்கிற கோழின்னாலே ஏதோ ஒரு சீக்கு சந்தேகம் இருக்கற கோழி. அதைத் தொட்ட கையோட ஒருத்தர் அஞ்சு ஷெட்டும் சுத்தினா மைக்கோபிளாஸ்மாவையும் சால்மோனெல்லாவையும் நாமளே சம்பளம் குடுத்துப் பரப்பறோம்னு அர்த்தம்.

அடுத்தது நேரம். காலைல ஆறு மணி ரவுண்டுல கால் விழுந்த கோழி கண்ணுல படுது. தண்ணி வர்ற நிப்பிளுக்கு எட்டாது. தீனித் தட்டுக்குப் போக முடியாது. மத்தது மேல ஏறி மிதிக்கும், ரத்தம் தெரிஞ்சா கொத்தும். தனி ஆள் மத்த ஷெட் முடிச்சுட்டு வர பதினொண்ணு ஆயிரும். அந்த அஞ்சு மணி நேர வேதனைக்கு யார் பொறுப்பு?

அப்புறம், எதைக் கழிக்கறதுங்கற கண்ணு. லேயர் கூண்டுக்குள்ள காலை நீட்டிப் படுத்துக் கெடக்கற கோழில நெறைய வெறும் கால்சியம் குறைவு. கூண்டைவிட்டு எடுத்துத் தரையில விட்டு, தண்ணியும் கிளிஞ்சலும் வாய்க்கு எட்டற மாதிரி வச்சா நாலஞ்சு நாள்ல எந்திரிச்சு நடக்கும். தினம் பாக்கறவனுக்குத்தான் அது தெரியும். கழிக்கறதுக்குன்னே வர்ற ஆள் வரிசையா முடிச்சுட்டுப் போயிருவான்.

தொழில்நலம்

@ஷெட்நம்பர்7, நோய்த்தடுப்பு வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். மற்ற இரண்டும், எதைக் கழிப்பது என்ற முடிவையும் கழிக்கிற கையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறவை. தினமும் பார்க்கிறவர் பொறுக்கி வைக்கட்டும். முடிப்பது வேறு ஒருவராக இருக்கலாமே.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது என்றால், இந்த அழுத்தம் வேலைப்பளு மாதிரியானது அல்ல. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் ராலின் 1980களிலேயே இதைத் தனியாகப் பிரித்து, அறம் சார்ந்த அழுத்தம் என்று பேசினார். வேலை அதிகம், தூக்கம் குறைவு, முதலாளி ஏச்சு என்றால் நாலு நாள் லீவு கொடுத்தால் ஆறும். "வளர்க்கத்தான் வந்தேன், என்னையே கொல்லச் சொல்கிறார்கள்" என்பது லீவில் ஆறாது, லீவு முடிந்து வந்தால் அதே வேலை அங்கேயே நிற்கும். ஆர்னல்ட் அர்லுக் என்ற சமூகவியலாளர் விலங்குக் காப்பகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பார்த்து எழுதியதும் இதே முரணைத்தான்: பராமரிக்கிற கையே கொல்லுகிற கையாகவும் இருப்பது.

ஷெட்டில் இது எப்படித் தெரியும் என்று கேட்டால், யாரும் வந்து அழ மாட்டார்கள். கழிப்பு எண்ணிக்கை குறையும். ஷெட் கார்டில் "இறப்பு" என்று ஒரே பத்திதான் இருக்கிறது. அதை "தானாகச் செத்தது", "கழித்தது" என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். வாரத்துக்கு இவ்வளவு என்று வந்துகொண்டிருந்த கழிப்பு திடீரென்று பூஜ்யமாகி, அதே அளவுக்குத் தானாகச் செத்தது ஏறினால், கோழிகள் திடீரென்று நல்லபடி ஆகிவிடவில்லை. அந்த ஆள் முடிக்க மனமில்லாமல் ஓரமாக விட்டுவிட்டுப் போகிறார். அப்படி விட்ட கோழி ஒரு நாள், ஒன்றரை நாள் கிடந்து சாகிறது. இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: தேறக்கூடியதையும் சேர்த்து முடிப்பது, கோழியைச் சுவரில் வீசுவது, அதைச் சொல்லிச் சிரிப்பது. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

கறிக்கடைமுனை

ஊர்ல ஞாயித்துக்கிழமை ஒரு கறிக்கடையில நூறு இருநூறு கோழி அறுக்கறாங்க. அவங்களுக்கு வராத மனநோய் பண்ணை ஆளுக்கு மட்டும் எங்கேருந்து வருது? சோம்பேறித்தனத்துக்கு இப்ப இங்கிலீஷ் டாக்டர் பேரெல்லாம் வச்சுப் பேசறோம். எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?

ஆய்வுக்கூடம்

@கறிக்கடைமுனை, கறிக்கடைக்காரருக்கு வராது என்று முதலில் யார் சொன்னது? இறைச்சிக்கூடங்களைப் பற்றி டெம்பிள் கிராண்டின் 1988லேயே எழுதியிருக்கிறார். கொல்லும் இடத்தில் முழுநேரமும் நிற்கிறவர்கள் ஒன்று இயந்திரம்போல் மரத்துப் போகிறார்கள், அல்லது குரூரமாக மாறுகிறார்கள், அல்லது அதை ஒரு சடங்காக்கிக்கொள்கிறார்கள் என்றார். அதனால்தான் அந்த இடத்தில் ஆளை மாற்றி மாற்றி நிறுத்தச் சொன்னார்.

அதை விடுங்கள், இரண்டு வேலைக்கும் வித்தியாசம் இருக்கிறது. கடைக்காரர் அந்தக் கோழியை வளர்க்கவில்லை. அறுத்தது யாரோ ஒருவர் வீட்டில் குழம்பாகிறது. கழித்த கோழி குழிக்குப் போகிறது. நாற்பது நாள் பார்த்துப் பார்த்து வளர்த்தது ஒன்றுக்கும் ஆகாமல் ப்ளீச்சிங் பவுடருக்கடியில் போவது வேறு கணக்கு.

ஆனால் தொழில்நலம் அவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பாதிப்பில் பெரும்பங்கு கொல்வதால் வருவதைவிட, கொல்லத் தெரியாமல் கொல்வதால் வருகிறது என்பது என் கட்சி. விவரமாகச் சொல்கிறேன்.

ஒன்றரைக் கிலோ லேயரை எடுத்துக்கொள்வோம். இடது கையில் இரண்டு காலையும் இறக்கை நுனிகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வலது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், மண்டைக்கு ஒட்டிப் பின்னால் கழுத்து வர வேண்டும். கட்டைவிரல் அலகுக்குக் கீழே. கீழ்நோக்கி ஒரே சீரான இழுப்பு, இழுக்கும்போதே தலையைப் பின்பக்கமாக மடக்க வேண்டும். முடிந்ததும் விரலை வைத்தால் மண்டைக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் நடுவே இடைவெளி தெரியும். தெரியவில்லையென்றால் கழுத்து இன்னும் கீழே எங்கோ முறிந்திருக்கிறது, அல்லது மூச்சுக்குழாய் மட்டும் நசுங்கியிருக்கிறது. பறவை மூச்சுத்திணறித்தான் சாகும்.

இங்கேதான் சிக்கல். சரியாகச் செய்தாலும் ஓரிரு நிமிடம் இறக்கை அடிக்கும். அது மூளையிலிருந்து வருவதில்லை, தண்டுவடத்தின் அனிச்சை. இதை யாரும் அந்த ஆளிடம் சொல்வதே இல்லை. அவர், ஐயோ இன்னும் சாகவில்லையே என்று பதறி இரண்டாவது முறை வேகமாக இழுக்கிறார். தலை தனியாகக் கையோடு வந்துவிடுகிறது. ராத்திரிக் கனவில் வருவது இதுதான். சரியாக முடித்த நூறு கோழி வருவதில்லை. இறக்கையைப் பார்க்காதே, கண்ணைப் பார் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். கருவிழியை மெல்லத் தொட்டால் உள்இமை மூடக் கூடாது, அலகு தளர்ந்திருக்க வேண்டும், பின்புறத்தில் மூச்சசைவு இருக்கக் கூடாது. இவை உறுதியாகும்வரை சாக்கில் போடக் கூடாது. சாக்குக்குள்ளிருந்து சத்தம் வருவதைப்போல் ஒரு ஆளை உடைப்பது வேறில்லை.

எடையும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு 1099ஆம் விதி (2013 ஜனவரி முதல் நடைமுறை) கையால் கழுத்தை முறிப்பதை 3 கிலோவோடு நிறுத்துகிறது. ஒரு ஆள் ஒரு நாளைக்கு 70 பறவைக்கு மேல் அப்படிக் கொல்லக் கூடாது என்றும் சொல்கிறது. நம் பிரீடர் சேவல் 4 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அதன் கழுத்துத் தசையை ஒரே இழுப்பில் பிரிப்பது பெரும்பாலானவர்களால் ஆகாது. அந்தச் சேவலையும் ஷெட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் கொடுத்து முடிக்கச் சொல்கிறோம். முடியாமல் போனால் "இவளுக்குத் தைரியமில்லை" என்கிறோம். எடை மிகுந்த பறவைக்குத் தலையில் ஒரே அடியில் நினைவிழக்க வைத்து, உடனே கழுத்து ரத்தக்குழாயை அறுக்க வேண்டும். இதற்குத் தலைகீழாக நிறுத்தும் கூம்பும் நல்ல கத்தியும் வேண்டும், செய்கிறவர் பழகியவராக இருக்க வேண்டும்.

ஷெட்நம்பர்7

டாக்டர் சொன்னது நூத்துக்கு நூறு. இதைத்தானுங்க நானும் சொல்றேன். பழக்கிவிட்டாப் போதும், ஆளை மாத்த வேண்டியதில்லை.

70 கணக்கை வச்சுப் பாத்தா நமக்குப் பிரச்சனையே இல்லை. 10,000 குஞ்சு எறக்கற பிராய்லர் ஷெட்டுல மொத்த இழப்பு 5 விழுக்காடுன்னு வச்சாலும் 500. அதுல பாதி கழிப்புன்னாலும் நாப்பது நாளைக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு ஆறோ ஏழோ. இதுக்குத் தனி ஆளா?

இன்னொண்ணு. தனி ஆள் வந்தா மனசு தப்பிக்கும்ங்கறதே சந்தேகம். 2001ல நெதர்லாந்துல கோமாரி வந்தப்ப மாட்டைக் கொன்னது அரசாங்க ஆளுங்க. விவசாயி கையால ஒண்ணும் பண்ணல. ஆனா பின்னாடி ஆராய்ச்சி பண்ணிப் பாத்தப்ப, மாட்டைப் பறிகொடுத்த பால்பண்ணைக்காரங்கள்ல கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கடுமையான மனப்பாதிப்பு. கையை மாத்தினா சரியாயிரும்னா அவங்களுக்கு ஏன் வந்துச்சு?

தொழில்நலம்

நெதர்லாந்து விஷயம் சரியான கேள்வி, ஆனால் அங்கே நடந்தது வேறு. மொத்த மந்தையும் ஒரே நாளில் போனது, அதோடு பிழைப்பும் போனது. நாம் பேசுவது தினசரிக் கழிப்பை. கொன்றவர்களுக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டுமானால் தென்கொரியாவைப் பாருங்கள். 2010 கடைசியிலும் 2011 தொடக்கத்திலும் கோமாரிக்காக அங்கே 30 லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளும் மாடுகளும் அழிக்கப்பட்டன, பல இடங்களில் பன்றிகளை உயிரோடு புதைத்தார்கள். அந்த நாட்டின் மனித உரிமை ஆணையம் 2017ல் அழிப்பு வேலைகளில் ஈடுபட்ட அரசு ஊழியர்களிடமும் கால்நடை மருத்துவர்களிடமும் விசாரித்தபோது, நான்கில் மூன்று பேரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. அவர்கள் வளர்த்த பன்றிகள் அல்ல அவை. ஆகவே தனி ஆளுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதை நானும் சேர்த்தே சொல்கிறேன். நிரந்தரக் கொலையாள் ஒருவரை உருவாக்குவது என் யோசனை அல்ல. மூன்று நான்கு பேரைப் பழக்கி, முறை வைத்து மாற்ற வேண்டும்.

சராசரி போட்டு ஆறு ஏழு என்பதும் ஏமாற்றும். முதல் வாரம் தொப்புள் அழற்சிக் குஞ்சுகள், நான்காவது வாரத்துக்குப் பிறகு கால் விழுந்தவை, இடையில் ஒரு சீக்கு வந்தால் ஒரே நாளில் நூற்றுக்கு மேல். அந்த நாளில்தான் ஆள் உடைகிறார்.

வெண்பன்றி

கோழிக்காரங்க மட்டுமே பேசிட்டு இருக்கீங்க. பன்னில கதை வேற.

ஈன்ற அன்னிக்கே கழிக்க வேண்டியது வரும். தாய் மிதிச்சு கால் போனது, ஆசனவாய் இல்லாம பொறந்தது, ரொம்பச் சின்னது. இதுல எல்லாரும் பண்ற அவசரம் ஒண்ணு இருக்கு. குளிர்ந்து, வாய் சில்லுனு, அசையாம கிடக்கற குட்டியைச் செத்த கணக்குல சேர்த்துருவாங்க. பல்புக்கு அடியில வச்சு உடம்பைச் சூடேத்தி, சீம்பாலைக் குழாயில குடுத்துப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். சூடேத்தாம வயித்துல பால் குடுத்தாலும் செரிக்காது, வரிசை அதுதான்.

முடிக்கற முறைன்னு பாத்தா, உலகம் பூரா இருக்கறது தலையில ஒரே அடி. அமெரிக்கப் பன்னித் தொழில் வழிகாட்டில 12 பவுண்டு, அதாவது அஞ்சரைக் கிலோ வரைக்கும்தான் அது. முறையாப் பட்டா அந்த நொடியே நினைவு போயிரும், குட்டிக்கு வலி கிடையாது. ஆனா செய்யற ஆளுக்கு இதைவிட மோசமான முறை இல்லை. கை தயங்குச்சுன்னா அடி லேசாப் படும், ரெண்டாவது அடி அடிக்கணும். அதனாலதான் அங்கெல்லாம் மண்டையைத் துளைக்காத போல்ட் துப்பாக்கி (உள்ள இருக்கற உலோகத் தண்டு நெத்தியில அடிச்சு நினைவைப் போக்கும்), கார்பன் டை ஆக்சைடு பெட்டின்னு மாறிட்டு வர்றாங்க. பெட்டி ஆளுக்கு லேசு, பன்னிக்கு லேசில்லை. வாயு மூக்குல ஏறுனா திணறும், கத்தும். சிலிண்டர் பாதியில தீர்ந்தா அரைமயக்கத்துல எந்திரிச்சு நிக்கும். மூடின அறைக்குள்ள வச்சு இயக்கினா ஆளுக்கே ஆபத்து.

ஆக, ஆளுக்கு லேசா இருக்கறதும் உயிருக்கு லேசா இருக்கறதும் ஒண்ணா வர்றதில்லை. இதைப் பேசாம ஷெட் ஆளா தனி ஆளான்னு பேசறது பாதிப் பேச்சு.

ஆய்வுக்கூடம்

@வெண்பன்றி, போல்ட் துப்பாக்கி வந்தாலும் வேலை முடிந்துவிடாது. அதைப் பராமரிக்காவிட்டால் இன்னும் மோசம். ஒவ்வொரு நாள் உபயோகத்துக்குப் பிறகும் கழற்றி, கரியைத் துடைத்து, எண்ணெய் போட வேண்டும். கரி சேர்ந்தால் போல்ட்டின் வேகம் குறையும். போல்ட்டைத் தள்ளுகிற தோட்டா ஈரக் காற்றில் இருந்தால் வலு போகும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் தேய்ந்தால் போல்ட் முழுசாகத் திரும்பாது, அடுத்த அடியும் குறையும். வளர்ந்த தாய்ப்பன்றிக்கும் ஆண்பன்றிக்கும் நெற்றிக்குள் காற்றறை பெரிது, மூளை ஆழத்தில் இருக்கிறது. குட்டிக்குப் போதுமான தோட்டா அங்கே போதாது. மாட்டுக்குத் துப்பாக்கி வைக்கிற இடம்: ஒரு கண்ணின் வெளிமுனையிலிருந்து எதிர்ப்பக்கக் கொம்படிக்கு ஒரு கோடு, மறு கண்ணிலிருந்து இன்னொன்று, இரண்டும் வெட்டும் இடம். இரண்டு கண்ணுக்கும் நடுவில் வைத்தால் அது தாழ்ந்த இடம், மூளையின் மேல்பகுதி தப்பிவிடும்.

நம் ஊரில் விழுந்து எழாத மாட்டை ஊசி மூலம் முடிப்பது மருத்துவர் வேலை. தியோபென்டோன் என்ற மயக்கமருந்து கொடுத்து முழுமயக்கம் வந்த பிறகே, இதயத்தை நிறுத்துகிற மெக்னீசியம் சல்பேட் செறிகரைசல். முழுமயக்கம் இல்லாமல் மெக்னீசியத்தை மட்டும் ஏற்றுவது கொடுமை. பக்கத்தில் நின்று கழுத்துக்கயிறு பிடிக்கிறவர் கறவைக்காரர்தான். அவரிடம் முதலிலேயே "கடைசியில் ஒரு பெருமூச்சு வரும், கால் இழுக்கும், கண் மூடாது" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், பாதி உயிரோடு புதைத்துவிட்டோமோ என்று வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் நல்லது சொல்கிறீர்கள், காசு யார் தருவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒப்பந்தப் பிராய்லர் பண்ணையில் வளர்ப்புக் கூலி தீனி மாற்று விகிதத்தையும் (ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீனி) இழப்பையும் பார்த்துத்தான் வருகிறது. சீக்குக் கோழியைச் சீக்கிரம் கழித்தால் அது தின்னும் தீனி மிச்சம். ஆனால் கழித்ததும் இழப்பு எண்ணிக்கையில் சேரும். தேறினாலும் தேறும், கோழி ஏற்றிப்போகிற லிஃப்டிங் வண்டி வரும்வரை இருக்கட்டும் என்று பண்ணைக்காரர் இழுக்கிறார். ஆகவே ஷெட் ஆளுக்குக் காலையில் "ஏன் கழிக்கலே?", சாயங்காலம் "ஏன் இத்தனை கழிச்சே?". இந்த இரண்டு திட்டும்தான் அவரைக் கொல்கிறது, கோழி அல்ல.

இதற்கு மருந்து எழுத்தில் ஒரு வரையறை. தண்ணீருக்கு எட்ட முடியாதது, எலும்பு முறிந்தது, பின்புறம் தள்ளி மற்றவை கொத்திவிட்டது, கழுத்து முறுக்கிக்கொண்டது, நெஞ்செலும்பு கத்திபோல் தட்டுப்படும் அளவுக்கு இளைத்தது. இந்த ஐந்தில் ஒன்று இருந்தால் கழிக்கலாம், கேள்வி கிடையாது என்று மேலாளர் கையெழுத்துப் போட்டு ஷெட்டில் மாட்ட வேண்டும். மற்றதைத் தனிக் கூண்டில் போட்டு இரண்டு நாள் பார்க்கலாம். பன்றியில் அமெரிக்கத் தொழில் வழிகாட்டியும் இரண்டு நாள்தான்: தனியாக வைத்துப் பார்த்தும் முன்னேற்றம் இல்லையென்றால் முடித்துவிட வேண்டும்.

கழிக்கிறவருக்குத் தனிப்படி கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். விருப்பமுள்ளவர் வரட்டும்.

தொழில்நலம்

வரையறை யோசனை அருமை, கையெழுத்து மேலாளருடையது என்பது இன்னும் அருமை. படியை மட்டும் எதிர்க்கிறேன். காசு வைத்ததும் யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷெட் ஓரத்து அறையில் தங்கியிருக்கிற, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய பையன். அவனுக்குத் தமிழ் தெரியாது, "வேண்டாம்" என்று சொல்லவும் தெரியாது. பிரீடர் பண்ணையில் நோய்த்தடுப்புக்காக வாரக்கணக்கில் வெளியே விடுவதும் இல்லை. கொன்ற இடத்திலேயே சாப்பிட்டு, கொன்ற இடத்திலேயே தூங்குகிறான். அவனுக்குப் படி கொடுத்தால் அது நிரந்தரமாக அவன் தலையில் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினால் சம்பளக் குறைவு.

கணக்குப்பிள்ளை

அப்போ சும்மா செய்யச் சொல்கிறீர்களா? இப்போதும் அவன்தான் செய்கிறான், படி இல்லாமல். அது எந்த ஊர் நியாயம்?

ஷெட்நம்பர்7

அதானுங்க. படி வேண்டாம்னு சொல்றவங்க சம்பளம் வாங்கற எடம் வேற.

குட்டநாட்டுக்காரன்

தினசரிக் கழிப்பு ஒருபுறம் இருக்கட்டும். பறவைக்காய்ச்சல் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். நாட்டில் முதலில் வந்தது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாப்பூரில். 2014 நவம்பரில் ஆலப்புழை வாத்துகளுக்கு வந்தது, அதற்குப் பிறகும் கேரளத்தில் பலமுறை. அழிப்பது கால்நடைத் துறையின் விரைவுக் குழு. அங்கே ஷெட் ஆளா தனி ஆளா என்ற கேள்வியே கிடையாது, தனி ஆள்தான்.

அவர்கள் நிலைமை என்ன? தலை முதல் கால்வரை மூடிய உடுப்பு, கண்ணாடி, முகக்கவசம், இரட்டைக் கையுறை. ஆலப்புழைப் பக்கத்துத் தாழ்நிலமான குட்டநாட்டின் வெயிலில் அரை மணி நேரத்தில் உள்ளே நனைந்துவிடும், கண்ணாடி பனித்துவிடும். இரட்டைக் கையுறையில் பிடி வழுக்கும். வாத்தின் கழுத்து நீளம், தசை வலு, கோழிக்குப் பழகிய கை அங்கே தடுமாறும். பொதுவாக 2 மீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள குழியில் 1,800 கோழி புதைக்கலாம் என்பது கணக்கு. குட்டநாட்டில் மண்வெட்டி வைத்தால் தண்ணீர், அதனால் விறகு அடுக்கி எரிக்க வேண்டும். அந்த வாடை உடுப்பைக் கழற்றினாலும் போகாது. இறந்துபோனதற்கு இழப்பீடு இல்லை, அழித்ததற்கு மட்டும்தான் என்பதால் வளர்த்தவர் ஒரு பக்கம் அழுதுகொண்டே "சீக்கிரம் முடிங்க" என்பார். இன்னும் நோய் வராத வாத்துக்காரர் "ஏன் என்னுடையதை?" என்பார். குழுவில் இருப்பவருக்கு இரண்டு ஏச்சும்.

ஒன்று மட்டும் சேர்க்கலாம். அழித்தவர்களுக்கு ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ தடுப்பு மருந்து, 75 மில்லிகிராம் மாத்திரை கொடுத்துப் பத்து நாள் காய்ச்சல் பார்க்கிறார்கள். தினமும் வெப்பநிலை கேட்கிற அதே ஆள், தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று இரண்டு கேள்வி கூடக் கேட்டால் காசு செலவில்லை.

பண்ணைத்திண்ணை

அழிப்பு முடிந்த அன்று சாயங்காலமே எல்லோரையும் உட்கார வைத்து, நடந்ததைப் பேசி இறக்கி வைக்கச் சொன்னால் என்ன? சில இடங்களில் அப்படிச் செய்கிறார்கள் என்று கேள்வி.

தொழில்நலம்

கட்டாயமாகச் செய்யாதீர்கள். எல்லோரையும் ஒரே தடவை உட்கார வைத்து, பார்த்ததையெல்லாம் விவரிக்கச் சொல்வது பிற்காலப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. தூங்க வேண்டிய மனிதனிடம் காட்சியைத் திரும்ப ஓட்டச் சொல்வது சிலருக்கு உபத்திரவம். அன்று வேண்டியது சுடுதண்ணீரில் குளியல், சாப்பாடு, வீட்டுக்கு ஒரு போன், மறுநாள் வேறு வேலை. பேச வருகிறவரைப் பேச விடுங்கள், வராதவரைத் தோண்டாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் கனவு, எரிச்சல், அந்த ஷெட் பக்கம் போகாமல் சுற்றிப் போவது, குடி கூடுவது என்று இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ் 14416 எண் இலவசம், தமிழிலும் பேசலாம், இந்தியிலும் பேசலாம் என்பது வடநாட்டுப் பையன்களுக்கு உதவும். 2001 கோமாரியின்போது இங்கிலாந்தில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் போயின. அங்கே கும்பிரியா பகுதியில் 54 பேரைப் பதினெட்டு மாதம் நாட்குறிப்பு எழுத வைத்து ஆராய்ந்தார்கள். நோய் முடிந்த பிறகும் நெடுநாள் நினைவுகள் திரும்பத் திரும்ப வந்தன, அதிகாரிகள் மேல் நம்பிக்கையும் போயிருந்தது. ஒரு நாள் கூட்டம் போட்டு முடிகிற விஷயமில்லை.

கறிக்கடைமுனை

சரி, கனவு வர்றது நெசம்னே வச்சுக்குவோம். கண்ணைத் தொட்டுப் பாக்கறது, மூணு கிலோ கணக்கு, இதையெல்லாம் இந்தில ஒரு அட்டையில எழுதி ஷெட்டுல மாட்டறதுக்கு எவ்வளவு ஆயிரப் போகுது? அதைக்கூட செய்யாத முதலாளிங்கதான் இங்க மனநலம் பேசறாங்க.

ஆய்வுக்கூடம்

அட்டை போதாது, படம் வேண்டும். இந்தி படிக்கத் தெரியாத ஒடியாக்காரர்களும் இருக்கிறார்கள். ஆறு படம் போதும்: கால் பிடி, தலைப் பிடி, இழுப்பின் திசை, விரல் வைத்து இடைவெளி பார்ப்பது, கண் தொடுவது, 3 கிலோவுக்கு மேல் உள்ள சேவலின் மேல் பெருக்கல் குறி. பழக்குவதைச் செத்த கோழியில் தொடங்குங்கள். பி.எம். (செத்ததை அறுத்துப் பார்க்கும் பரிசோதனை) பண்ண வருகிறவற்றிலேயே பத்துப் பதினைந்து முறை இழுத்துப் பழகலாம், கை பிடிபடும்.

ஷெட்நம்பர்7

செத்த கோழில பழக்கறது நல்ல யோசனைங்க டாக்டர், நாளைக்கே ஆரம்பிக்கலாம். ஆனா ஷெட்டுக்கு ஷெட் ஆளை மாத்தி விடறதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஒவ்வொரு ஷெட்டுலயும் ரெண்டு பேரைப் பழக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவங்களுக்குள்ளயே மாத்திக்கட்டும்.

தொழில்நலம்

ஷெட்டுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் அன்று "இன்னிக்கு முடியாது" என்றால் காரணம் கேட்காமல் மற்றவர் செய்வார் என்று எழுதிக் கொடுத்தால் சம்மதம். புருஷன் பெண்டாட்டி இருவரே வேலை செய்யும் ஷெட்டுக்கு இது எப்படி ஓடும் என்று சொல்லுங்கள், அங்கே பெரும்பாலும் சேவலைப் பிடிக்கிறவரும் பொண்டாட்டிதான்.

கணக்குப்பிள்ளை

அந்த ஷெட்டுகளுக்கு மேற்பார்வையாளரே காலை ரவுண்டில் குளித்து உடுப்பு மாற்றி உள்ளே போய் முடிக்கட்டும். கழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவரும் வாரத்துக்கு இரண்டு நாளாவது கையால் செய்ய வேண்டும். படி விவகாரத்தில் என் கருத்து மாறவில்லை.